அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டு ஓவர்டைம் கேட்பது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 31. பி.காம். படித்திருக்கிறேன். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். சேர்ந்து நாலு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. எனக்குக் கீழே ஆறு பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதலாளியின் மச்சினர் மேனேஜராக வந்தார். அண்ணாச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறோம். வாடிக்கையாளர் முன்னாலேயே ‘மூதி’ என்று ஏசுகிறார். காலையில் ஒரு பில்லுக்குத் தள்ளுபடி போடச் சொல்லிவிட்டு, ராத்திரி ‘யாரைக் கேட்டுப் போட்டே?’ என்கிறார். கல்லாவில் பணம் குறைந்தால் என் சம்பளத்தில் பிடிக்கிறார். போன மாதம் மட்டும் 1,850 ரூபாய். காலை ஒன்பதரைக்கு வந்தால் கணக்கு முடித்துக் கிளம்ப ராத்திரி ஒன்பதரை. லீவு நாளிலும் போன் வருகிறது. ஆனால் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் வாய் திறந்து கேட்கும் முன்னாலேயே 20,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தவரும் இவர்தான். மாதம் ஆயிரமாகப் பிடித்து இன்னும் 7,000 பாக்கி இருக்கிறது. லீவு முடிந்து மறுநாள் வேலை என்றால் ராத்திரியே நெஞ்சு படபடக்கிறது. போன வாரம் என்னிடம் வேலை பார்க்கும் ஒரு பிள்ளையை, அவர் என்னை ஏசுகிற அதே வார்த்தையைச் சொல்லி ஏசிவிட்டேன். வேலையை விட்டுவிடட்டுமா?
— ஒரு வாசகி, சேரன்மகாதேவி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஒரு முன்கோபக்கார மேனேஜர் கண்ணில் பட்டார். இரண்டாம் தடவை அந்த 7,000 ரூபாய் கண்ணில் பட்டது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வரி. நான் நூற்பாலைகளில் தொழிலாளர் நல அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். 500 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் ஆலையில் இப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. சம்பளம் தருவது ஆலை. பேச வேண்டியதோ தொழிலாளிக்காக. இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிற உத்தியோகம். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

நம் பக்கத்துக் கடைகளில் ‘சார்’ என்பது கொஞ்சம் தூரமான சொல். மளிகைக் கடையோ ஜவுளிக்கடையோ, பொறுப்பில் இருப்பவர் அண்ணாச்சிதான். நல்ல சொல், நானும் அந்தச் சொல்லுக்குள் வளர்ந்தவன்தான். ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அண்ணன் ஏசலாம். அண்ணனிடம் நேரக் கணக்குக் கேட்கக் கூடாது. அண்ணன் கஷ்டத்துக்குக் கொடுத்த பணத்துக்கு யாரும் சீட்டு எழுதிக் கேட்பதில்லை. சரி, அப்படியே தங்கச்சியாக இருந்துவிடலாம் என்றால் அதுவும் நடக்காது. சொந்தத் தங்கச்சி என்றால் இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பீர்கள், மூன்றாம் நாள் அவர் அல்வாப் பொட்டலத்தோடு வந்து நின்றிருப்பார். கடையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் திமிர். வேலைக்காரருக்கு உள்ள உரிமையும் இல்லை, தங்கச்சிக்கு உள்ள கோபிக்கும் உரிமையும் இல்லை. அந்த நடுவாந்திரத்தில்தான் நீங்கள் நிற்கிறீர்கள்.

அண்ணாச்சி என்று கூப்பிடுவதை விடச் சொல்ல மாட்டேன். விட்டால் அவருக்கு முதலில் அதுதான் உறைக்கும், தேவையில்லாத சண்டை. கூப்பிடுவது அப்படியே இருக்கட்டும். கணக்கு மட்டும் காகிதத்துக்கு வரட்டும்.

அந்த 20,000 ரூபாய் அவருடைய சட்டைப்பையிலிருந்து வந்ததா? மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்றால் அது கடைப்பணம். அவர் செய்தது கையெழுத்துப் போட்டது. கேட்கும் முன்னால் கொடுக்கும் மனசு எல்லாருக்கும் வராது. அதற்கு மனசார நன்றி சொல்லுங்கள், சொல்லியும் இருப்பீர்கள். ஆனால் நன்றிக்கடன் அவருக்கு, பணக்கடன் கடைக்கு. இந்த இரண்டும் உங்கள் மனசில் ஒன்றாகிவிட்டன. அவர் ஏசத் தொடங்கும்போதெல்லாம் அப்பா படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகத்துக்கு வந்து வாய் அடைத்துப் போகிறது. சீட்டுப் பணமோ போனஸோ கைக்கு வந்தால் முதல் வேலையாக இந்த ஏழாயிரத்தை அடைத்து, பாக்கி இல்லை என்று சம்பளச் சீட்டிலோ ஒரு துண்டுத் தாளிலோ எழுதி வாங்குங்கள். கணக்குப் படித்தவர் நீங்கள். வட்டியில்லாக் கடனைப் போய் யாராவது முதலில் அடைப்பார்களா என்று கேட்பீர்கள். வட்டி இருக்கிறது அம்மா. கடன் வாங்கிய நாளிலிருந்து வாய் திறக்காமல் நிற்கிறீர்களே, அதுதான்.

அடுத்தது ஏச்சு. ஏசுகிறவர்கள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. என் முதல் மில்லில் (பெயர் வேண்டாம்) மேலாளர் காலை பத்தேகால் ஆனால் எரிந்து விழுவார். கண்ணில் பட்டவர் தொலைந்தார். ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குப் பிடிபட்டது: சரியாகப் பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வரும். நேற்று எத்தனை கிலோ நூல், ஏன் குறைந்தது, எத்தனை பேர் வரவில்லை. அங்கே வாங்கியதைச் சூடு ஆறும் முன் எங்களுக்குப் பங்கு வைப்பார். அதற்கப்புறம் ராத்திரி ஷிஃப்டில் வராதவர் கணக்கையும், எந்த மெஷின் எதற்காக நின்றது என்பதையும் ஒரு தாளில் எழுதி ஒன்பதே முக்காலுக்கே அவர் மேஜையில் வைத்துவிடுவேன். போனில் பதில் சொல்ல அவருக்கு ஒரு பிடி கிடைத்தது. கத்தல் நிற்கவில்லை, பாதியானது. எனக்கு அது போதுமாக இருந்தது.

நீங்களும் இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், என்ன சொன்னார், அதற்கு அரை மணி முன்னால் என்ன நடந்தது, பக்கத்தில் யார் யார் இருந்தார்கள். அவ்வளவுதான், கதை வேண்டாம், புலம்பல் வேண்டாம். வீட்டில் வைத்து எழுதுங்கள், கடைக் கம்ப்யூட்டரில் வேண்டாம். முதலாளி வந்து சுற்றிவிட்டுப் போன பிறகா, பேல் பிரிக்கும் நாளிலா, முந்தின நாள் வியாபாரம் படுத்த மறுநாளா என்பது நோட்டில் தானாகத் தெரியும். மச்சினர் வேலை என்பது பார்ப்பதற்கு மெத்தை மாதிரி இருக்கும்; அக்காள் வீட்டுச் சோற்றில் கணக்குக் காட்ட வேண்டிய மனுஷன் அவர். அவர் பயத்தில் கத்துகிறார் என்று தெரிந்தால், அந்தப் பயத்துக்கு முன்னால் நீங்கள் ஒரு தாளை நீட்டலாம். பழக்கத்தில் கத்துகிறார் என்றால் பேசித் திருத்தலாம், கொஞ்சம்.

மூன்றாவது ரகமும் ஒன்று உண்டு, ரசித்து ஏசுகிறவர். எனக்கு இரண்டாவதாக வாய்த்தவர் அவர்தான். நான் எழுதிய கடிதத்தில் இருக்கும் பிழையை வட்டம் போட்டு, கேன்டீனில் வைத்து உரக்கப் படிப்பார். தாள் வைத்துப் பார்த்தேன், பேசிப் பார்த்தேன், ஒன்றும் எடுபடவில்லை. மூன்று வருஷம் சமாளித்தேன் என்று பெருமையாக வேறு சொல்லித் திரிந்தேன். ஒரு நாள் வீட்டுக்காரி சொன்னாள்: “மில்லுல பேசாத பேச்சையெல்லாம் இங்க வந்து பேசுதீக.” அந்த மாதமே வேறு ஆலைக்கு எழுதிப் போட்டேன். இந்த ரகத்துக்கு என்னிடம் மருந்து கிடையாது. உங்கள் ஆள் அந்த ரகம் இல்லை என்பது என் ஊகம். கேட்காமல் அட்வான்ஸ் கொடுப்பவர் அடுத்தவர் கஷ்டத்தை ரசிப்பவராக இருப்பது அபூர்வம்.

அவரிடம் பேச வேண்டும். ஏச்சு விழும்போது வேண்டாம், ஆள் கூடியிருக்கும்போது வேண்டாம். மத்தியானச் சாப்பாடு முடிந்து கடை ஓய்ந்திருக்கும் நேரமாகப் பாருங்கள். ‘நீங்க எப்பப் பார்த்தாலும் ஏசுறீங்க’ என்று ஆரம்பித்தால் பேச்சு ‘எப்பப் பார்த்தாலுமா?’ என்பதிலேயே போய்விடும். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு சம்பவம், ஒரே ஒரு வேண்டுகோள். இப்படிச் சொல்லலாம்: “அண்ணாச்சி, சனிக்கிழம கல்யாணச் சேலை எடுக்க வந்தவுக முன்னால என்னைய மூதின்னு சொன்னீங்க. பில்லுல தப்பு இருந்துச்சு, ஒத்துக்கிடுதேன். தப்பைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க, அப்பவே திருத்திருதேன். ஆளுக முன்னால வேண்டாம்.” சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். அந்த அமைதியை நிரப்ப வாய் துறுதுறுக்கும், நிரப்பாதீர்கள்.

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ‘நம்ம ஊர்ப் பேச்சே அப்படித்தானம்மா’ என்பார். பாதி உண்மை. ‘சவத்து மூதி, சோறு ஆறுது, வாட்டி’ என்று ஆச்சி கூப்பிட்டு சொதி ஊற்றினால் அந்த மூதியில் இருப்பது முழுக்கப் பிரியம். அதே சொல்லைப் பில் கவுண்டரில், வெளியாள் நாலு பேர் பார்க்க, சம்பளம் கொடுக்கிற இடத்தில் இருப்பவர் சொன்னால் அது வேறு சொல். “வீட்டுல சொன்னா வலிக்காது அண்ணாச்சி, கவுண்டர்ல வலிக்கு” என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அன்றைக்கே மாறிவிட மாட்டார். ஆனால் அடுத்த தடவை அந்தச் சொல் வாய்க்கு வரும்போது ஒரு நொடி தடுக்கும்.

தள்ளுபடி விஷயத்தில் அவரைப் பொய்யர் என்று நினைக்க வேண்டியதில்லை. காலையில் நூறு பேரிடம் நூறு சொல்கிறவருக்கு ராத்திரி பாதி மறந்துபோகும். வாய்வார்த்தையாக அவர் எதைச் சொன்னாலும் உடனே ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டுவிடுங்கள்: “அண்ணாச்சி, நீங்க சொன்னபடி இந்த நம்பர் பில்லுக்கு 10 சதவீதம் போட்டாச்சு.” கேள்வியாக எழுத வேண்டாம், தகவலாக எழுதுங்கள். அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு வாரத்தில் அவரே, ‘அந்தப் பில்லு என்னாச்சு?’ என்று உங்கள் செய்தியைத் தேடிப் பார்ப்பார். எனக்கு இது தாமதமாகத்தான் தெரிந்தது. வாய்வார்த்தையை நம்பி ஒரு ஆளை ஷிஃப்ட் மாற்றி, ‘நான் எப்போ சொன்னேன்?’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் மெமோ வாங்கியவன் நான். அப்போது செல்போன் இல்லை. ஆனால் பென்சிலும் தாளும் இருந்தன.

இந்த 1,850 ரூபாயில் கொஞ்சம் நிற்க வேண்டும். இது ஏச்சைவிடப் பெரிய விஷயம், நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கல்லா எப்படிக் குறைகிறது என்று பார்த்தீர்களா? நான் பார்த்த கடைகளில் பாதிக் குறைவு, குறைவே அல்ல. வாடிக்கையாளர் ஜிபேயில் பணம் போடுகிறார். கூட்ட நேரத்தில் பிள்ளை அதை ரொக்கம் என்று பில் அடித்துவிடுகிறாள். ராத்திரி பில் கணக்கு இவ்வளவு ரொக்கம் இருக்க வேண்டும் என்கிறது. டிராயரில் அவ்வளவு இல்லை. ஆனால் பணம் எங்கேயும் போகவில்லை, கடையின் பேங்க் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் கட்டிய 1,850-உம் கூட அங்கேயே இருக்கலாம். அந்தத் தேதியின் யுபிஐ வரவுப் பட்டியலையும் பில் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொகை தொகையாகப் பாருங்கள். யுபிஐ என்று பில் அடித்த தொகையைவிட யுபிஐ வரவு அதிகமாக இருந்தால் விடை கிடைத்துவிட்டது. இன்னொரு காரணம், ஒரே டிராயரில் மூன்று பேர் கை வைப்பது. ஆளுக்கு ஒரு டிராயர், அல்லது ஆள் மாறும்போது எண்ணிக் கையெழுத்து என்று வைத்துவிட்டால், யார் கையில் குறைந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை.

சட்டமும் இந்த இடத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பாகட்டும், அதற்கு முன்னிருந்த 1936-ஆம் ஆண்டுச் சட்டமாகட்டும், பண இழப்புக்காகப் பிடிக்க வேண்டுமென்றால் அந்த இழப்பு ஊழியரின் கவனக்குறைவால் நேரடியாக வந்திருக்க வேண்டும், பிடிக்கும் முன் அவருடைய விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். ஆகவே இனிமேல் குறைந்தால், அவர் கேட்கும் முன்னாலேயே அரைப்பக்க விளக்கம் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். யுபிஐ கணக்கையும் அதோடு வையுங்கள். கையில் தாள் இருக்கிற இடத்தில் பிடித்தம் அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை.

நேரக் கணக்கு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இலிருந்து இருக்கிறது: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் பார்க்கும் நேரத்துக்கு இரட்டைக் கூலி, வாரத்தில் ஒரு நாள் லீவு. ஆண்டு முழுக்கக் கடை திறந்துவைக்க அரசு 2019-இல் அனுமதி கொடுத்த ஆணையிலேயே, பெண்களை இரவு எட்டு மணிக்கு மேல் நிறுத்த அவர்களுடைய எழுத்துமூலச் சம்மதமும் தகுந்த பாதுகாப்பும் வேண்டும் என்று இருக்கிறது. அதே சட்டத்தில் உட்காரும் உரிமைக்கென்று 2021-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். கடையில் வேலை பார்ப்பவர் உட்கார இருக்கை வேண்டும் என்பதைச் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் நம் ஜவுளிக்கடைகளின் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கவுண்டரில் நாற்காலி இருக்கும். சேலைப் பிரிவில் நிற்கிற பிள்ளைகளிடம் கேளுங்கள், கால் வீக்கத்தைக் காட்டுவார்கள்.

‘நீங்க பொறுப்பாளர், உங்களுக்கு ஓவர்டைம் கிடையாது’ என்று சொல்லலாம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் பட்டத்தை வைத்து அதை முடிவு செய்வதில்லை, பார்க்கிற வேலையை வைத்துத்தான். ஆள் எடுக்கவும் நிறுத்தவும் லீவு கொடுக்கவும் உங்களுக்கு அதிகாரம் இல்லை, தள்ளுபடி போடவே அவரைக் கேட்க வேண்டும் என்றால் நீங்கள் எந்த நிர்வாகத்தில் இருக்கிறீர்கள்?

கேஸ் போடச் சொல்லவில்லை. திருநெல்வேலியிலேயே தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது, அங்கே ஒரு மனு கொடுக்கலாம் என்பது தெரிந்திருக்கட்டும். தெரிந்துகொண்டு அமைதியாக இருப்பது வேறு, தெரியாமல் அடங்கியிருப்பது வேறு. முதலில் கேட்க வேண்டியது சின்னதாக இருக்கட்டும்: எட்டரைக்கே இரண்டு கவுண்டரை மூடிக் கணக்கு முடித்துவிட்டு, கடைசி ஒரு மணி நேரத்துக்கு ஒரு கவுண்டர் மட்டும் ஓட்டலாமா? கடைசி பில் வரைக்கும் மூன்று கவுண்டரும் திறந்திருப்பதால்தானே உங்களுக்கு ஒன்பதரை ஆகிறது. இதை அவரிடம் அனுமதியாகக் கேட்காமல், ‘ஒரு வாரம் செஞ்சு பார்க்கட்டா?’ என்று கேளுங்கள். ராபர்ட் காரசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979-இலேயே இதைப் பற்றி எழுதினார். சுமை கூடுதலாக இருப்பது மட்டும் ஆளைக் குலைப்பதில்லை. சுமையும் கூடி, தன் வேலையில் தான் முடிவெடுக்கும் இடமும் இல்லாமல் போகும்போதுதான் ஆள் குலைகிறார் என்றார். கவுண்டரை எப்போது மூடுவது என்பது உங்கள் முடிவாக வந்துவிட்டால், சம்பளம் ஒரு ரூபாய் ஏறாவிட்டாலும் ராத்திரித் தூக்கம் ஏறும்.

லீவு நாள் போனுக்கு ஒரே வழி: ஆறு பிள்ளைகளில் ஒருத்தியை அன்றைக்குப் பொறுப்பாக்கி, அவள் நம்பரை அண்ணாச்சிக்கு முந்தின நாளே அனுப்பிவிடுவது.

முதலாளியிடம் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனசில் இருக்கும். மச்சினர் மேல் புகார் சொல்லி ஜெயித்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. புகாராகப் போகாதீர்கள். கணக்காகப் போனால் கேட்பார். ஒரு வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் வேலையை விட்டுப் போனார்கள், புதுப் பிள்ளை பில் அடிக்கப் பழக எத்தனை நாள், அதுவரை எத்தனை பில் திரும்பி வந்தது, டிராயர் பிரித்த பிறகு குறைவு எவ்வளவு நின்றது. யார் பெயரும் வேண்டாம். கல்லாப்பெட்டியில் உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாஷை தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடிதத்தில் இல்லாத ஒன்று: அவருடைய பேச்சிலோ நடத்தையிலோ பாலியல் தொந்தரவு இருந்தால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அதற்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் உள்விசாரணைக் குழு இருக்க வேண்டும். முதலாளி மேலேயே புகார் என்றால் மாவட்டக் குழு. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

நெஞ்சு படபடப்பை அண்ணாச்சி கணக்கில் மட்டும் எழுதிவிட வேண்டாம். முதலில் ஒரு டாக்டரிடம் காட்டி ரத்த அளவும் தைராய்டும் பாருங்கள். உங்கள் வயதுப் பெண்களுக்கு இரண்டும் படபடப்பைக் கொடுக்கும். அதெல்லாம் சரியாக இருந்தால் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. ராத்திரி நேரத்தில் தாங்க முடியாமல் போனால் 14416, டெலி-மானஸ். இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. விடலாம். ஆனால் கத்தலுக்கு நடுவில் ‘சரி, நாளையிலேர்ந்து வரல’ என்று சொல்லி விடக் கூடாது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நிறுத்த முடியாது என்று அதே கடைகள் சட்டம் உங்களுக்கு ஒரு பிடி கொடுத்திருக்கிறது. நீங்களாக எழுந்து போனால் அந்தப் பிடி அங்கேயே நழுவிவிடும். ஐந்து வருஷம் முடிந்தால் பணிக்கொடை உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 16,000 என்று வைத்துக்கொண்டால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, ஐந்து வருஷத்துக்கு 46,150 ரூபாய் சொச்சம். இன்னும் பத்து மாதம். அந்தப் பணத்துக்காக உடம்பைக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று தெரிந்து போகச் சொல்கிறேன். பி.எஃப். பாஸ்புக்கை இன்றைக்கே போனில் திறந்து, மாதாமாதம் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் வீட்டில் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் முன்னால்தான் கடைகள் ஆள் தேடும். பில்லிங் தெரிந்து ஆறு பேரை வைத்து வேலை வாங்கிய ஆளுக்கு அப்போது தனி மதிப்பு. அடுத்த கடையின் கடிதம் கைக்கு வந்த பிறகு இங்கே ராஜினாமா எழுதுங்கள். வேலையை விட்டால் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்று புதிய ஊதியச் சட்டம் சொல்கிறது. அனுபவச் சான்றையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

நான் சொன்னபடி நோட்டு, தாள், பேச்சு எல்லாம் செய்து மூன்று மாதத்தில் ஒன்றும் அசையவில்லை என்றால், பத்து மாதக் கணக்கைப் பார்க்காமல் கிளம்பிவிடுங்கள். நான் மூன்று வருஷம் இருந்து ஒன்றையும் சாதிக்கவில்லை.

கடைசியாக, அந்தப் பிள்ளை. கடிதத்திலேயே என்னை அதிகம் தைத்தது அந்த ஒரு வரிதான். உங்கள் ஊர் வழியாகப் போகிற கன்னடியன் கால்வாயைப் பாருங்கள். மேல்மடையில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்துதான் தீரும். கடையிலும் அப்படித்தான், முதலாளியிடமிருந்து மச்சினருக்கு, அவரிடமிருந்து உங்களுக்கு, உங்களிடமிருந்து அவளுக்கு. அவளுக்குக் கீழே ஆள் இல்லை. வீட்டில் தம்பி தங்கை இருக்கலாம். அண்ணாச்சியின் மடையை அடைக்க மாதக்கணக்கில் ஆகும். உங்கள் மடை உங்கள் கையில் இருக்கிறது.

அவளிடம் நீங்கள் இன்னும் பேசவில்லை என்று நினைக்கிறேன், பேசியிருந்தால் எழுதியிருப்பீர்கள். கவுண்டரில் வைத்து ஏசியிருந்தால் கவுண்டரில் வைத்தே சொல்லுங்கள், மற்ற ஐந்து பேருக்கும் கேட்கிற மாதிரி. ‘அண்ணாச்சி என்னை ஏசினார், அந்தக் கடுப்புல...’ என்று இழுக்க வேண்டாம். “அன்னிக்கு நான் சொன்னது தப்பு, இனிமே சொல்ல மாட்டேன்” என்றால் போதும். நாளைக் காலையிலேயே, முதல் பில் போடுவதற்கு முன்னால்.